"பாஸ்போர்ட் எடுத்து வைங்க சார்"

செஸ்ஸுக்கு நாடு இல்லை, மொழி இல்லை, ஏழை பணக்காரன் இல்லை என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடேயின் குறிக்கோள் வாசகமே லத்தீனில் 'நாமெல்லாம் ஒரே இனம்' என்ற பொருளில்தான் இருக்கிறது. நல்ல வாசகம். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பேர் வைத்தார்கள். கணியன் பூங்குன்றனை ஆளாளுக்குத் துணைக்கு இழுத்தார்கள். எல்லாம் சந்தோஷம். அங்கிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர் வந்தால் எங்கள் கும்மிடிப்பூண்டி. இங்கே பன்னிரண்டு வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் இந்த மாநிலத்தில் எத்தனை பேரைத் தோற்கடித்தாலும், உலக இளையோர் போட்டி நடக்கிற ஊருக்கு விமானம் ஏற முடியாது. ஆட்டம் போதாமல் இல்லை. பணம்கூட இரண்டாவது விஷயம். அவனுக்குப் பாஸ்போர்ட் கிடையாது; இன்றைய சட்டப்படி கிடைக்கவும் கிடைக்காது.

நான் யார் இதைச் சொல்ல என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் 31 வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். கரண்ட் போய் மில் நின்ற ராத்திரி ஷிஃப்ட்டுகளில் ஆடிப் பழகிய ஆட்டம் என்னுடையது. ரேட்டிங் கிடையாது, பயிற்சியாளர் சான்றிதழ் கிடையாது. ஞாயிறு காலையில் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பலகை போடுவேன். மில் தொழிலாளர்களின் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பெண் ஒன்று, முகாமிலிருந்து மூன்று பேர் வருவார்கள். முகாம் என்றால் இலங்கைத் தமிழர் முகாம். 2021-ல் அரசு 'அகதிகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றியது. ஊரில் ஷேர் ஆட்டோக்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் அது இன்னும் 'கேம்ப்'தான்.

நான் சொல்லும் பையன் அந்த மூவரில் ஒருவன். தாத்தாவும் அப்பம்மாவும் 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் பதிந்து, இங்கே அனுப்பப்பட்டவர்கள். அடுத்த வருஷம் அவன் அப்பா பிறந்தார், இங்கேயே. அவருக்குப் பெயிண்டிங் வேலை. பையன் பிறந்தது பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில், 2013-ல். படிப்பது அரசுப் பள்ளியில். பேசுவது சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். அப்பம்மாவிடம் மட்டும் தமிழ் மாறும். "உங்கட ஐயா சொல்லித்தந்ததை வடிவா ஆடு மோனே" என்று அந்த அம்மா சொல்லி அனுப்புவார்.

சென்ற டிசம்பரில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு நாள் போட்டி ஒன்று திருவள்ளூரில் நடந்தது. ஒரே மாவட்டம் என்று பேர். ரயிலில் போவதென்றால் கும்மிடிப்பூண்டியில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் கடந்து பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து, அங்கே இறங்கி அரக்கோணம் பக்கம் போகிற வண்டியைப் பிடித்து, ஆவடி தாண்டிப் போக வேண்டும். உண்டிகோல் கவட்டையின் ஒரு நுனியிலிருந்து அடுத்த நுனிக்குப் போக அடிக்கட்டை வரை இறங்கி ஏறுகிற மாதிரி. பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறியும் போகலாம். காலை எட்டரைக்குப் போய்ச் சேருவோமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அங்கேயே ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம். ஆனால் முகாமில் இருப்பவர் வெளியே தங்கினால் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நடப்பதைவிட ரயிலில் உட்காருவது மேல் என்று அவன் அப்பா முடிவு செய்தார். இரண்டு நாளும் முதல் வண்டி. மூன்று பேரும் போய் வந்தோம்.

கடைசிச் சுற்று ஆட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்தவன் ரேட்டிங் உள்ள பையன், ஒரு அகாடமி டிஷர்ட், கூடவே அவனுடைய கோச். நம்மவன் கறுப்பு. சிசிலியனில் நைடார்ஃப் ஆடினான், போனில் வீடியோ பார்த்துக் கற்றது. ஐந்தாவது நகர்த்தலில் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறார்களே, அதுதான். அந்தப் பேருக்குரிய மிகெல் நைடார்ஃப் போலந்து நாட்டு யூதர். 1939-ல் பியூனஸ் அயர்ஸில் ஒலிம்பியாட் ஆடிக்கொண்டிருந்தபோது உலகப்போர் தொடங்கியது. ஊர் திரும்ப முடியவில்லை. குடும்பத்தை நாஜிகள் அழித்தார்கள். அர்ஜென்டினா அவரை வைத்துக்கொண்டது, குடிமகன் ஆக்கியது, பல வருஷம் அந்த நாட்டுக்காக முதல் பலகையில் ஆடினார். 1947-ல் சாவ் பாவ்லோவில் கண்ணைக் கட்டிக்கொண்டு 45 பேரோடு ஒரே நேரத்தில் ஆடினார். அந்த மாதிரிக் கண்கட்டு ஆட்டங்களின் செய்தி பேப்பரில் வந்து, உயிரோடு மிஞ்சிய உறவு யாராவது பார்க்க மாட்டார்களா என்ற ஆசை அவருக்கு இருந்ததாம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். நடுவில் நம்மவன் ஒரு சிப்பாயை இழந்தான். காய்கள் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு, கடைசியில் வெள்ளைக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய். கறுப்புக்கு ராஜாவும் யானையும் மட்டும். (ரூக்கை நாங்கள் யானை என்றுதான் சொல்லுவோம்.) பார்க்கிறவர்களுக்கு முடிந்துபோன ஆட்டம். அந்தக் கோச் முகத்தில் புன்னகை. ஆனால் இப்படி வந்தால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் ராஜா சிப்பாய்க்கு எதிரே, அது போய்ச் சேர வேண்டிய கட்டத்தில் நிற்க வேண்டும். நம் யானையை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் குறுக்கே நிறுத்த வேண்டும். எதிரி ராஜா அந்த வரிசைக்குள் கால் வைக்க முடியாது. பொறுமையாக அதே வரிசையில் இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். எதிரி வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவான். தள்ளிய உடனே யானையைப் பலகையின் அந்தக் கோடிக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்க வேண்டும். சிப்பாய் முன்னே போய்விட்டதால் எதிரி ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. டிரா.

இரண்டு நாள் முழுக்கப் பயணம் செய்த பிள்ளை, காலையில் இட்லி, மதியம் ஒரு பொட்டலம் தக்காளி சாதம், நகர்த்தலுக்கு முப்பது வினாடி கூடுகிற கடிகாரத்தில், ஒருமுறைகூட யானையை வரிசை மாற்றாமல் இருபது நகர்த்தல் காத்திருந்தான். எதிர்ப் பையன் கடைசியில் சிப்பாயைத் தள்ளினான். நம்மவன் யானையைச் சர்ரென்று கீழே இறக்கினான். ஆறேழு செக். எதிர்ப் பையன் கை நீட்டினான்.

இந்த நிலைக்கு ஃபிலிடோர் என்று பேர். 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர், சங்கீதக்காரர், இசை நாடகங்கள் எழுதியவர். லண்டனுக்கு ஆடப் போன இடத்தில் பிரான்சில் புரட்சி முற்றியது. நாட்டை விட்டுப் போனவர்கள் பட்டியலில் புதிய அரசு அவர் பேரைச் சேர்த்துவிட்டது. திரும்ப முடியாமல் 1795-ல் லண்டனிலேயே செத்துப்போனார். நைடார்ஃபில் ஆரம்பித்து ஃபிலிடோரில் முடித்திருக்கிறான் நம் பையன்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோச்சே எங்களிடம் வந்தார். நல்ல மனுஷர், பொறாமை இல்லை. "சார், இந்த வயசுல ஃபிலிடோரை இவ்ளோ பொறுமையா ஆடுற பையனை நான் பார்த்ததில்ல. விட்டுடாதீங்க. ரெண்டு வருஷம் ஒழுங்கா ஆடினா ஸ்டேட், நேஷனல், அப்புறம் வெளியே போகலாம். இப்பவே பாஸ்போர்ட் எடுத்து வைங்க சார், கடைசி நேரத்துல அலைய வேண்டாம்" என்றார். அவன் அப்பா "சரிங்க சார்" என்றார். வேறு என்ன சொல்லுவார்?

ரயிலில் பையன் என்னிடம் கேட்டான்: "சார், பாஸ்போர்ட் எடுக்க எவ்ளோ ஆகும்?"

சிறுவர்களுக்கு 1000 ரூபாய். அந்த ஆயிரம் ரூபாய் என் பர்சில் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் இறுக்கினார்கள்: பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. உயிருக்குப் பயந்து படகில் வந்தவர்களிடம் விசா இருக்குமா? ஆகவே அவர்கள் அந்தப் பட்டியலில். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. சந்தோஷம். அவர் பிறந்தது 1987 ஜூலைக்கு அப்புறம் என்றால் அதுவும் இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025-ல் மத்திய அரசு சொன்னது. தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நம்மவன் என்பது வேறு.

இந்தப் பையனிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, பஸ் பாஸ் இருக்கிறது. மாநில அரசு கொடுக்கிற புத்தகமும் சீருடையும் மற்ற பிள்ளைகளுக்குப் போலவே அவனுக்கும் கிடைக்கின்றன. அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். கும்மிடிப்பூண்டியில் அவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் ஆரம்பிப்பது மீனம்பாக்கத்தில்.

செஸ்ஸில் மேலே போக வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா? ஆமாம். வைஷாலி 12 வயதுக்குட்பட்ட சிறுமியர் பட்டத்தை வாங்கியது 2012-ல் ஸ்லோவேனியாவின் மாரிபோரில். அவள் தம்பி, பாடிப் பையன் பிரக்ஞானந்தா, 8 வயதுக்குட்பட்ட பட்டம் வாங்கியது 2013-ல் அல் ஐனில், 10 வயதுக்குட்பட்டது 2015-ல் கிரீஸில். குகேஷ் 12 வயதுக்குட்பட்டவர்களில் ஜெயித்தது 2018-ல் ஸ்பெயினில். ஆறு வருஷத்தில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். இவர்களுடைய திறமையை நான் குறைக்கவில்லை. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மைக்கில் பேர் சொல்லிக் கைதட்டின கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆனால் இந்த வரிசையில் பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு படிகூட ஏற முடியாது. வயதுப் பிரிவு காத்திருக்கவும் காத்திருக்காது. அடுத்து அவனுக்கு 14 வயதுப் பிரிவு. அது தாண்டினால் தாண்டியதுதான்.

இதைப் பேசினால் மூன்று பதில் வருகிறது.

மாலை நடையில் கூட வரும் நண்பர் சொல்வது: "நம்ம பசங்களுக்கே வழியில்ல, நீங்க கேம்ப் பையனுக்குப் போய் பேசறீங்க." முதல் பாதி உண்மை. செஸ் ஏழைகளின் ஆட்டம் என்பது சுத்தப் பொய். நுழைவுக் கட்டணம், கோச் ஃபீஸ், ரயில், லாட்ஜ், கூட வருகிற அப்பா அம்மாவின் சம்பள இழப்பு. தேர்வாகாதவர்களும் கூடுதல் கட்டணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் சிறப்பு நுழைவு வேறு. உலகப் போட்டியிலும் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவருக்குத்தான் தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம். மற்றவர்கள் சொந்தக் காசு. இதையெல்லாம் எழுத வேண்டும், எழுதுவேன். ஆனால் மில் தொழிலாளி மகனுக்கு நான்கு பேரிடம் கையேந்தியாவது பணம் சேர்த்துவிடலாம். முகாம் பையனுக்கு ஒரு கோடி ரூபாய் சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை. அதுவும், இவன் நம் பையன் இல்லை என்று யார் சொன்னது?

இரண்டாவது: "இலங்கைக்காக ஆடட்டுமே." அந்த நாட்டை அவன் அப்பாவே பார்த்ததில்லை. இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்து வெளியே போனால், திரும்பி அம்மாவிடம் வர இந்திய விசா வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்து இந்தச் சூதாட்டத்தை எந்தத் தகப்பன் ஆடுவான்?

மூன்றாவதுதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றுவது: "என்ன சார் பண்றது, சட்டம் சட்டம்தான்."

ஷ்ரேயஸ் ராயல் என்ற பையன் இந்தியாவில் பிறந்து மூன்று வயதில் லண்டன் போனவன். 2018-ல் அப்பாவின் வேலை விசா முடிந்தது. குடும்பமே திரும்ப வேண்டிய நிலை. பிரிட்டனிலும் சட்டம் சட்டம்தான். ஆனால் அங்கே செஸ் சங்கத்தார், எம்.பி.க்கள் எல்லோரும் கத்தினார்கள். உள்துறை இறங்கி வந்தது, குடும்பம் தங்கியது. 2024-ல் பதினைந்து வயதில் அவன் பிரிட்டனின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர். இந்தியப் பிள்ளைக்காக வெள்ளைக்காரன் செய்தான் என்று நாமும் பெருமையாகப் படித்தோம்.

நியூயார்க்கில் தானி அடெவூமி. நைஜீரியாவிலிருந்து போகோ ஹராமுக்குப் பயந்து ஓடிவந்த குடும்பம், வீடற்றோர் விடுதியில் வாசம். செஸ் கிளப் கட்டணம் கட்ட முடியாது என்று அம்மா எழுதினார். பள்ளி கட்டணத்தைத் தள்ளியது. 2019-ல் எட்டு வயதில் அவன் தன் பிரிவில் நியூயார்க் மாநிலச் சாம்பியன். புகலிடம் கேட்ட மனு அப்போது நிலுவையில்தான் இருந்தது. காகிதம் வரும்வரை ஆடாதே என்று யாரும் சொல்லவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். நம் ஆனந்த் சின்ன வயதில் அப்பாவின் வேலைக்காக மணிலாவில் இருந்தவர். அங்கே டிவியில் தினம் ஒரு செஸ் புதிர் போடுவார்களாம், விடை அனுப்பினால் புத்தகம் பரிசு. அம்மாவும் மகனும் அனுப்பி அனுப்பி ஜெயித்ததில், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே சொன்ன கதை. நீ எந்த நாட்டுப் பையன் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. அதே பிலிப்பைன்ஸில், பாகியோ நகரில், 1987-ல் இவான்சுக்கை இரண்டாம் இடத்தில் நிறுத்தி உலக ஜூனியர் பட்டம் வாங்கினார். இந்தியாவுக்கு அதுதான் முதல்.

கொடி ஒரு பிரச்சினையா என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஈரானை விட்டு வந்த அலிரேசா ஃபிரூஸ்ஜா 2019 கடைசியில் ஃபிடே கொடியின் கீழ் ஆடினார், பிறகு பிரான்ஸ் போனார். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய ஆட்டக்காரர்கள் பலர் அப்படித்தான் ஆடினார்கள். மாமல்லபுரத்தில் போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த உக்ரைன் பெண்கள் தங்கம் வாங்கியபோது நாம் எழுந்து நின்று கைதட்டினோம். போரிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை பக்கத்து ஊரில் இருப்பது அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் கேட்பது குடியுரிமைகூட இல்லை. அது பெரிய சண்டை, பெரியவர்கள் போடட்டும். இந்திய அரசு திபெத்திய அகதிகளுக்கு மஞ்சள் அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறது, அடையாளச் சான்று என்று பேர். பாஸ்போர்ட்டுக்குப் பதில் அதை வைத்துக்கொண்டு விசா வாங்கி வெளிநாடு போய்த் திரும்பி வருகிறார்கள். புதிதாகச் சட்டம் எழுத வேண்டாம், அச்சடிக்கிற இயந்திரம்கூட இருக்கிறது. தர்மசாலாவில் இருப்பவருக்குக் கொடுப்பதை முகாமில் பிறந்த பிள்ளைக்கு, விளையாட்டுக்காக, ஒரு போட்டிக்கு, போய்த் திரும்பி வரும்வரை கொடுங்கள் என்கிறேன். அவன் எங்கே ஓடிப்போவான்? முகாமில் வாரிசையாகப் பேர் வைத்திருக்கிறீர்களே, கேளுங்கள், அப்பம்மா சொல்லுவார்.

இந்த விஷயத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி இரண்டு எம்.பி.க்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒருவரிடமிருந்து ஒப்புகை அட்டை மட்டும் வந்தது. குடியுரிமை, பாஸ்போர்ட் வழக்குகள் நடத்திய வக்கீல்கள் இதைப் படித்தால், அந்த அடையாளச் சான்றுக்கு எந்தப் படிவத்தில், யார் பேரில் மனுப் போடுவது என்று எழுதுங்கள். மனு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆயிரம் ரூபாயும் அப்படியே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.